நாற்பதாயிரத்துக்குள் ஒரு கிட்டார் ஆம்ப்: கட்டானா ஹெட்டும் பாளையங்கோட்டைப் பெட்டியும்

முதலில் கணக்கு. பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா ஹெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டியை வெளியே தனியாக மாட்டிக்கொள்கிற ஆம்ப், மார்க் 2, செகண்ட் ஹேண்ட், நாகர்கோவிலில் ஒரு வாசிப்பாளரிடம் வாங்கியது: 26,500 ரூபாய். செலஸ்டியன் செவன்ட்டி 80 ஸ்பீக்கர், 12 அங்குலம், 16 ஓம், புதுசு: ஒன்பதாயிரத்துச் சொச்சம். பிளைவுட், ரெக்சின், கைப்பிடி, ஆசாரி கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐநூறுக்குப் பக்கம். நாற்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. கொஞ்சம் மேலே போனதை டீச் செலவில் எழுதிக்கொண்டேன்.

நான் வாசிக்கிற இடங்களைச் சொன்னால்தான் இந்த ஜோடி ஏன் என்று புரியும். ஞாயிறு காலை பாளையங்கோட்டையில் ஆலயப் பாடகர் குழு. அங்கே கீர்த்தனைக்கு ஆர்கன் முன்னால் போகும். கிட்டார் பின்னால் அடக்கமாக நின்றால் போதும். பங்குனி, சித்திரை, ஆடி என்றால் கோயில் கொடை விழாக்களுக்கு லைட் மியூசிக். நாங்குநேரி, களக்காடு, திசையன்விளை, எங்கே கூப்பிட்டாலும் வேன் ஏறுவோம். ஒரு நாள் வில்லுப்பாட்டு என்றால் மறுநாள் நாங்கள். எண்பதுகளின் சினிமாப் பாட்டுக்குக் கோரஸ் எஃபெக்ட் போட்ட சுத்தமான சத்தம் வேண்டும், மெலடிக்கு அக்கூஸ்டிக் மாதிரி வேண்டும், பத்து மணிக்கு மேல் இளவட்டம் எழுந்து ஆட ஆரம்பித்தால் டிஸ்டார்ஷன், அதாவது உடைந்து கரகரக்கிற சத்தம், வேண்டும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் தனி. இத்தனைக்கும் ஒரே கிட்டார், ஒரே ஆம்ப்.

கொடை மேடையில், மைக்கும் குழாய் ஸ்பீக்கரும் கட்டுகிற ரேடியோ செட் அண்ணாச்சி வைத்ததுதான் சட்டம். மேடையில் மானிட்டர் இரண்டு இருந்தாலே அதிகம், அதுவும் பாடுகிறவர்களைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். ப்ராசஸரை (எஃபெக்டெல்லாம் போடுகிற சின்னப் பெட்டி) நேராக மிக்ஸரில் சொருகி வாசிக்கிறவனுக்குத் தன் சத்தம் தெருமுனையில் கட்டிய குழாயிலிருந்துதான் வந்து சேரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். குழாய் நூறு மீட்டர் தள்ளி இருந்தால் கால் நொடிக்கு மேல் தாமதம். தாளம் எங்கே நிற்கும்? அதனால் என் முதுகுக்குப் பின்னால், எனக்கென்று ஒரு ஸ்பீக்கர் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆம்ப்பில் மிச்சம் பிடித்தாலும் ஸ்பீக்கரிலும் பெட்டியிலும் பிடிக்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் தேடவே ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்துக் குழுக்களில் பாதிப்பேர் கீபோர்டுக்கு வாங்கிய க்யூப் பெட்டியிலேயே கிட்டாரையும் சொருகுகிறார்கள். க்ளீன் வாசிக்கும்வரை குறை சொல்ல முடியாது. டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால்தான் சனியன். கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைக் குறைத்துவிடும்; டிஸ்டார்ஷனில் வருகிற முள்முள்ளான மேல் ஒலியை அதுவே வடிகட்டிவிடும். கீபோர்டுப் பெட்டியில் மேல் ஒலிக்கென்று ட்வீட்டர் இருப்பதால் அத்தனையும் வெளியே வரும், தேனீக் கூட்டைக் கலைத்த மாதிரி. ப்ராசஸரில், கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி மாதிரியே சத்தத்தை மாற்றுகிற கேபினெட் சிமுலேஷன் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் இந்தத் தொல்லை தீரும். போடாமல் வாசித்துவிட்டு ரேடியோ செட்டைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஏன் ஹெட்? ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் வருகிற காம்போ ஏன் இல்லை?

யாராவது வந்து "அண்ணே, ஒரு ஆம்ப் சொல்லுங்க" என்று கேட்டால் நான் இன்றைக்கும் கட்டானா 50 காம்போவைத்தான் முதலில் சொல்வேன். கட்டானா வரிசை 2016-ல் வந்தது, மார்க் 2 2019-ல், மூன்றாம் தலைமுறை 2024-ல். மார்க் 2 காம்போவில் 50 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், எடை பன்னிரண்டு கிலோவுக்குள். வீட்டில் வாசிக்க அரை வாட்டுக்குத் தட்டிவிடலாம். வீட்டுக்கும் ஆலயத்துக்கும் மட்டும் வாசிக்கிறவர்கள் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், அதை வாங்கிவிடுங்கள். எனக்கு இடித்தது ஒன்றுதான்: அதில் வெளி ஸ்பீக்கர் சொருக வழி இல்லை. உள்ளே இருக்கிற ஸ்பீக்கரோடு கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

ஆரஞ்சு மைக்ரோ டார்க்கை சென்னையில் ஒரு கடையில் வாசித்துப் பார்த்தேன். கையில் வைத்தால் ஒரு கிலோகூட இருக்காது. 20 வாட், முன்பகுதியில் ஒரே ஒரு வால்வு (பழைய ரேடியோவில் இருந்த மாதிரிக் கண்ணாடிக் குழல்), மூன்றே குமிழ். டிஸ்டார்ஷன் அருமை, விட்டுவர மனசே இல்லை. ஆனால் டிரம்ஸோடு போட்டிபோட்டு க்ளீன் வாசிக்க 20 வாட்டில் இடம் பத்தாது; கூட்டினால் க்ளீனும் உடைய ஆரம்பிக்கும். ராக் மட்டும் வாசிக்கிற காலேஜ் பசங்களுக்கு அது போதும். எனக்குப் பாதிப் பாட்டு க்ளீன்.

முழு வால்வு ஆம்ப் வேண்டாம் என்று வைத்ததற்குக் காரணம் சத்தம் இல்லை, ரோடும் கரண்டும். களக்காடு ரோட்டில் வேனில் குலுங்கி, ஜெனரேட்டரில் ஓடி, வால்வு ஒன்று போனால் இங்கே யார் மாற்றுவார்கள்?

இப்போது ஹெட். கட்டானா ஹெட் மார்க் 2 என்பது 100 வாட், ட்ரான்சிஸ்டர் வகை. அரை வாட், 50, 100 என்று மூன்று நிலை. அக்கூஸ்டிக், க்ளீன், க்ரஞ்ச், லீட், ப்ரவுன் என்று ஐந்து குணம், பக்கத்திலேயே ஒரு பட்டன், அமுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுக் குணம். எட்டு செட்டிங் சேமிக்கலாம். கோரஸ், டிலே, ரிவெர்ப் எல்லாம் உள்ளேயே. ஒவ்வொன்றுக்கும் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று வகை. இதெல்லாம் காம்போவிலும் ஏறத்தாழ உண்டு. ஹெட்டில் எனக்குப் பிடித்தது, உள்ளேயே 5 அங்குலத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருப்பது. பெட்டியைத் தூக்காமலே ராத்திரி ஒத்திகை பார்க்கலாம். சத்தம் டப்பாச் சத்தம்தான், அடிக் கம்பி சுரம் தெரியுமே தவிர கனம் இருக்காது. பிள்ளைகள் தூங்கும்போது கனம் எதற்கு?

எங்கள் குழுக்களில் 100 வாட் என்றால் 50 வாட்டைப்போல இரண்டு மடங்கு சத்தம் என்று நம்புகிறார்கள். நான் பகலில் எலெக்ட்ரிக் கடையில் வேலை பார்க்கிறவன், இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்குக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கரின் உணர்திறன் எண்ணை (ஒரு வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் தரும் என்பது) பார்ப்பது அதைவிட லாபம். செவன்ட்டி 80-க்கு 98 டெசிபல். அதே கம்பெனியின் விண்டேஜ் 30-க்கு 100. இந்த 2 டெசிபல் வித்தியாசத்தை வாட்டில் ஈடுகட்ட ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். விண்டேஜ் 30 வாங்க ஆசைதான். பட்ஜெட் விடவில்லை. தவிர அது 60 வாட்தான் தாங்கும், செவன்ட்டி 80 பேரிலேயே இருக்கிறபடி 80.

16 ஓம் எடுத்ததற்கும் கணக்கு உண்டு. ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கிற அளவு. ஹெட் 100 வாட் தருவது 8 ஓமில். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி 100 நிலையில் முழுக்கத் திருகினால் 80 வாட் ஸ்பீக்கருக்கு ஆபத்து. 16 ஓம் மாட்டினால் ட்ரான்சிஸ்டர் ஆம்ப் பாதியளவு, சுமார் 50 வாட்தான் தள்ளும். ஸ்பீக்கர் நிம்மதியாக இருக்கும், இழப்பு அந்த 3 டெசிபல்தான். நாளைக்கு இதே மாதிரி இன்னொரு 16 ஓம் பெட்டி செய்து இரண்டையும் பேரலலில் இணைத்தால் 8 ஓம் ஆகிவிடும், முழு 100 வாட்டும் பாதிப்பாதியாகப் பிரியும். அதற்காகவே பெட்டியின் பின்னால் இரண்டு ஜாக் வைத்தேன். ஒன்று கவனம்: இது ட்ரான்சிஸ்டர் கணக்கு. வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஓம் சரியாகப் பொருந்தாமல் மாட்டக் கூடாது. ஸ்பீக்கரே மாட்டாமல் வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரே போய்விடும்.

பெட்டிக் கதைக்கு வருவோம். கடையில் வரும் விலை குறைந்த கேபினெட்டுகள் பல எம்.டி.எஃப். அல்லது பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளையும் துண்டையும் ஒட்டி அழுத்திய பலகை. 2023 டிசம்பரில் தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் வந்தபோது, எங்கள் கீபோர்டுக்காரர் வீட்டில் இருந்த பெட்டி ஒன்று தண்ணீரில் ஊறி, மூலையெல்லாம் பூரித்து, திருகாணி பிடிக்க இடமில்லாமல் உதிர்ந்தது. வெள்ளமே வரவேண்டாம், ஆடிச் சாரலில் ஒரு ராத்திரி நின்றால் போதும். ஆகவே 18 மில்லிமீட்டர் பிளைவுட், தண்ணீர் தாங்குகிற ரகம். வெளி அளவு அகலம் 50, உயரம் 46, ஆழம் 27 சென்டிமீட்டர். ஆழத்தை 27-ல் நிறுத்தியது சத்தத்துக்காக இல்லை, டி.வி.எஸ். எக்ஸெல்லில் காலுக்கு முன்னால் நிற்க வேண்டும், முட்டி இடிக்கக் கூடாது. முருகன்குறிச்சியிலிருந்து ஒத்திகை வீடு வரைக்கும் அப்படித்தான் போகிறேன்.

ஆசாரி நல்ல கைக்காரர், ஆனால் கட்டில், பீரோ செய்கிறவர். படத்தை நீட்டியதும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குக் கதவு எந்தப் பக்கம்?"

"கதவு கிடையாது அண்ணாச்சி. முன்னால ஸ்பீக்கர் வரும்."

"அப்பம் பின்னால எதுக்கு மூணு பலகை? ஒரே பலகையா அடிச்சிரலாம்லா?"

அந்த மூன்று பலகைதான் முக்கியம். மேலும் கீழும் நிரந்தரம், நடுப் பலகை மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி. மாட்டினால் மூடிய பெட்டி: அடிச் சத்தம் இறுக்கமாக முன்னால் மட்டும் போகும். கழற்றினால் திறந்த பெட்டி: சத்தம் பின்னாலும் பரவும், கீழ் ஒலி கொஞ்சம் குறையும், டிரம்ஸ் வாசிக்கிற தம்பிக்கும் கிட்டார் கேட்கும். கொடை மேடையில் கழற்றிவிடுகிறேன். ஆலயத்தில் மாட்டிவிடுகிறேன், ஏனென்றால் பின்னாலேயே கல்சுவர். திறந்து வைத்தால் சுவரில் அடித்து உயர்ந்த கூரைக்கு ஏறி, கீர்த்தனை அடுத்த அடிக்குப் போன பிறகும் முந்தின அடியின் கிட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்.

முன்பலகையில் 12 அங்குல ஸ்பீக்கருக்குத் துளை 283 மில்லிமீட்டர். ஆசாரி ஆணி ஒன்றை நடுவில் அடித்து, ரீப்பர் துண்டில் பென்சிலைக் கட்டி வட்டம் போட்டார். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. ஸ்பீக்கரை மரத் திருகாணியில் மாட்டச் சொன்னார், அதை மட்டும் நான் கேட்கவில்லை. அதிர்வில் திருகாணி கழன்றுவிடும். பின்னால் நட் பதித்து போல்ட் போட்டோம். ரெக்சின் வண்ணார்பேட்டையில் ஆட்டோ சீட் தைக்கிற கடையில் வாங்கினேன். கறுப்பு தீர்ந்துபோய் மெரூன்தான் இருந்தது. இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் ஃபாரின் ஐட்டமா என்கிறார்கள்.

முதல் நாள் வாசித்தபோது ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் மட்டும் 'சர்ர்' என்று ஒரு இழுப்பு. மற்ற சுரமெல்லாம் சுத்தம். அந்தச் சுரம் 131 ஹெர்ட்ஸ். நடுப் பலகை அதே வேகத்தில் சட்டத்தோடு உரசியிருக்கிறது. பலகையின் ஓரத்தில் கதவு இடுக்குக்கு ஒட்டுகிற பஞ்சு டேப்பை ஒட்டியதும் அடங்கிவிட்டது. நாட்டுப் பெட்டி செய்கிறவர்கள் கீழ்க் கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக ஏறி வாசித்துப் பாருங்கள். எங்கே உரசல் என்று பெட்டியே சொல்லும். ஹெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே கிட்டார் வயரைப் போடாதீர்கள். அதன் உள்கம்பி மெல்லியது, இந்தக் கரண்டுக்கு ஆனது இல்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர் ஒரு மீட்டர், இரண்டு மோனோ ஜாக், பத்து நிமிடச் சாலிடர். பெரிய செலவே கிடையாது.

சத்தம் எப்படி? க்ளீன்தான் இந்த ஜோடியின் பலம். 50 நிலையில் வால்யூமைப் பாதிக்கு வைத்தாலும் உடையாமல் நிற்கிறது. கோரஸைப் பச்சையில் போட்டால் எண்பதுகளின் பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்காருகிறது. க்ரஞ்ச்சில் கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் சுத்தமாகி, கூட்டினால் கடிக்கிறது, பெடலே தேவைப்படவில்லை. ப்ரவுன் நிலை எங்கள் கூட்டத்துக்குக் கொஞ்சம் அதிகம், களக்காட்டுப் பக்கம் ஒரு கொடையில் போட்டுப் பார்த்தேன், முன்வரிசைப் பாட்டியம்மா காதைப் பொத்திக்கொண்டார். அக்கூஸ்டிக் நிலை சுமார். மெலடிக்கு ஒப்பேற்றலாம், அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்தது என்று யாரும் ஏமாற மாட்டார்கள். செவன்ட்டி 80 கொஞ்சம் வெறுமையான ஸ்பீக்கர் என்று சொல்கிறவர்கள் உண்டு. நடு ஒலி சற்றுப் பின்வாங்கியிருப்பது உண்மைதான், மிடில் குமிழை இரண்டு மணி நிலைக்குத் திருப்பினால் சரியாகிவிடுகிறது.

எரிச்சல் தருகிற விஷயங்களும் உண்டு. சேமித்த செட்டிங்குக்குத் தாவினால் குமிழ்கள் பழைய இடத்திலேயே நிற்கும். கண்ணால் பார்ப்பது ஒன்று, கேட்பது வேறு. இருட்டு மேடையில் ஏதாவது ஒரு குமிழை லேசாகத் தொட்டால் சத்தம் சடாரென்று குதிக்கும். எஃபெக்டை ஆழமாக மாற்ற யு.எஸ்.பி. வயரும் கம்ப்யூட்டரும் வேண்டும். மேடையில் செட்டிங் மாற்ற ஃபுட்ஸ்விட்ச் தனியாக வாங்கணும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் வாங்கவில்லை. பாட்டுக்கு நடுவில் திரும்பி பட்டனை அமுக்குகிறேன்.

லைன் அவுட்டுக்குத் தனியாகப் பாராட்டு. ஸ்பீக்கர் சிமுலேஷன் உள்ளேயே சேர்ந்து வருவதால் அதிலிருந்து ஒரு வயரை ரேடியோ செட் மிக்ஸருக்குக் கொடுத்துவிடுகிறேன். ஊருக்குக் குழாய், எனக்குப் பெட்டி. அண்ணாச்சிக்கு மைக் ஒன்று மிச்சம் என்று சந்தோஷம்.

ஆனால் அப்படிக் கொடுக்கும்போது 'ஹூம்' என்று ஒரு இரைச்சல் வரலாம். ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறு பிளக்கிலும் இருந்து, இரண்டின் எர்த்தும் வெவ்வேறு வழியாகச் சேரும்போது வருவது அது. இதற்கு எங்கள் ஊர் வைத்தியம், ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் இல்லாத ஆம்ப்பில் ஒரு பழுது வந்தால் கிட்டார் கம்பியில் ஒரு கை, மைக்கில் உதடு, கதை முடிந்தது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டாலே பாதி இரைச்சல் போய்விடும். போகாவிட்டால் கிரவுண்ட் லிஃப்ட் உள்ள டி.ஐ. பாக்ஸ் ஒன்று வாங்குங்கள், அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் தங்கள் கிட்டாரையும் வயரையும் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருப்புங்கள். கரகரப்பு இருந்தால் விலையில் ஐநூறாவது இறக்கலாம். ஜாக்கில் சொருகிய வயரை ஆட்டிப் பாருங்கள். யு.எஸ்.பி. வேலை செய்கிறதா என்று லேப்டாப்பில் மாட்டிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பின்பக்கத் தகட்டில் வோல்ட் எத்தனை என்று படியுங்கள். வளைகுடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது என்றால் பெரும்பாலும் கவலையில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் சாமானை நம் 230-ல் சொருகினால் ஒரே நொடி.

முதல்முறை வாங்குகிற மாணவர்கள் இந்தப் பெட்டி வேலைக்கெல்லாம் இறங்க வேண்டாம். மேலே சொன்ன 50 வாட் காம்போ போதும், பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. மேடை ஏறுகிறவர்களுக்கு, நல்ல ஆசாரி ஒருவர் பழக்கம் என்றால், இந்த ஜோடிக்கு என் ஓட்டு.

எங்கள் பேஸ் கிட்டார் தம்பி ஒவ்வொரு ஒத்திகைக்கும் "அண்ணே, ஒரு பாட்டுக்கு இதுல சொருகிக்கிடட்டா?" என்று கேட்கிறான். கிட்டாரின் அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸ், அவனுடையது 41. கிட்டார் ஸ்பீக்கரின் கூம்பு அவ்வளவு கீழே தள்ளுவதற்குச் செய்தது இல்லை. சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கர் போய்விடும். ஒன்பதாயிரம் ரூபாய் தம்பி, கொடுக்க மாட்டேன்.